எரிச்சலுக்கு ஒரு பேரேடு

செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் பெரும்பாலும் மூன்று வருடத் தவணையில் போனார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில், அதாவது தொழிலும் தங்கலும் ஒன்றாக நடக்கும் கூடத்தில், ஆளுக்கொரு பெட்டி, பக்கத்தில் பாய் விரிக்கிற அளவு இடம். கடிதம் போய்ப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அன்றைய கணக்கை மட்டும் அன்றே எழுதிவிடுவார்கள். இன்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து வெளிநாடு போகிறவர்களின் வேலை வேறு. ஆனாலும் அந்த எழுதும் பழக்கம் அங்கே அன்றாடம் வரும் எரிச்சலுக்கும் செல்லும். பல்லைக் கடித்தால் பொறுமை வராது, பல்தான் வலிக்கும். எங்கே கசிகிறது என்று தெரிந்தால் அடைத்துவிடலாம்.

40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். போனில் எழுத வேண்டாம். போனை எடுத்தால் கை தானாக ஊருக்கு வாய்ஸ் மெசேஜ் போடும். அதைக் கேட்ட ஆத்தா இரவெல்லாம் தூங்க மாட்டார், நீங்களோ அரை மணியில் மறந்திருப்பீர்கள். படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம், 21 நாள் எழுத வேண்டும். ஐந்து கட்டம் போடுங்கள்: நேரம், இடம், நடந்தது, சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது, வீணான நிமிடம் அல்லது பணம்.

நடந்தது ஒரே வரியில் இருக்கட்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ‘கவுண்டரில் திமிர் பிடித்தவன்’ என்று எழுதினால் அது வசவு, கணக்காகாது. மறுநாள் படிக்கும்போது கோபம் புதிதாக ஏறும். ‘50 நிமிடம் நின்றேன், படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்’ என்பது கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தொகை, அதாவது வாரக் கணக்கைத் தொகுத்துப் பார்ப்பது. ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஒரு குறி: நான் சரிசெய்யக்கூடியதா, அந்த நாட்டு விதியா, எதிரில் இருந்தவரின் குணமா? முதல் வாரம் எல்லாமே குணம் என்றுதான் தோன்றும். நான்காவது கட்டத்தைப் பாருங்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் வயிறு காய்ந்த வேளைகளிலேயே சண்டைகள் குவிந்திருந்தால், குணம் யாருடையது என்று விளங்கிவிடும். அதற்கு மருந்து பையில் கிடக்கும் நாலு கடலை மிட்டாய்.

நாட்டு விதியை வராக்கடனில் எழுதிவிட வேண்டியதுதான். துபாயில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது, அனுமதியுள்ள வேறு செயலியைத்தான் தேட வேண்டும். 2022 முதல் அங்கே அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள், சனி ஞாயிறு விடுமுறை. வெள்ளி மதியம் போய்ப் பூட்டிய கதவோடு சண்டை போட்டுப் பயனில்லை.

நேரம் செலவழிக்க வேண்டியது நம் கையில் உள்ளவற்றில். முதலில் பெயர். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. அப்பச்சி (அப்பா) பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருந்தால் அலுவலகமே உங்களை அப்பச்சி பெயர் சொல்லிக் கூப்பிடும். சேர்ந்த முதல் நாளே மின்னஞ்சல் கையொப்பத்தில் எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று போட்டுவிடுங்கள். வங்கி, வாடகை ஒப்பந்தம், விமான டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தும் இடைவெளியும் அப்படியே வரட்டும். ஒரு இடத்தில் இனிஷியல், இன்னொரு இடத்தில் முழுப் பெயர் என்றால் ஒவ்வொரு கவுண்டரிலும் விளக்கம் சொல்லியே மாள வேண்டும்.

அடுத்தது அடுப்பு. வரமிளகாயும் கல்பாசியும் வறுத்தால் மூடிய அடுக்ககத்தில் புகை எச்சரிக்கை மணி அலறும், கூட இருப்பவர் முகம் சுளிப்பார். வறுப்பதை ஊரிலேயே முடித்து, பொடியாக, 250 கிராம் பொட்டலங்களாகக் கொண்டுபோங்கள். அமீரகத்துக்குப் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே கூடாது. அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள், கசகசா சேர்த்த குருமாப் பொடியும் ஆபத்துதான். குழம்பு கெட்டிப்பட முந்திரியோ பொட்டுக்கடலையோ போதும். ஆஸ்திரேலியா என்றால் எந்தத் தின்பண்டமானாலும் வருகை அட்டையில் எழுதிவிடுங்கள்.

போன் நேரமும் எரிச்சலின் ஊற்று. சிங்கப்பூரில் இரவு 9 என்றால் ஊரில் 6.30, தோதான நேரம். துபாயில் 9 என்றால் ஊரில் 10.30. தூக்கக் கலக்கத்தில் பேசும் அப்பத்தாவிடம் ‘ஏன் சரியாகப் பேசவில்லை’ என்று கோபிப்பதில் நியாயமில்லை. துபாய் நேரம் மாலை 6.30க்கே கூப்பிட்டுவிடுங்கள்.

வரிசையில் நிற்கும்போதே கொதித்தால்? நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். பத்து முறை செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். அவசரத்தில் பலர் மாற்றிச் செய்துவிட்டு, பலனில்லை என்கிறார்கள்.

ஐந்தொகையில் தனிப் பக்கம் கேட்பது ஊர் வீடு. முற்றத்தைச் சுற்றிக் கட்டிய வளவு வீட்டில் பங்காளிகள் பலர், ஓடு மாற்றவும் ஒருவர் சம்மதம் பாக்கியிருந்தால் வேலை நிற்கும். பவர் பத்திரம் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி மூலத்தை அனுப்புங்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், கூரியர் உறையை அலமாரியில் வைத்து மறந்துவிடுவதுதான் வழக்கமான கோளாறு. கையெழுத்துப் போடுமுன் வரைவை ஊர் ஆவண எழுத்தரிடம் காட்டிச் சர்வே எண், கதவு எண், பங்கு மூன்றையும் சரிபாருங்கள். ஒரு எண் பிசகினாலும் தூதரகத்தில் மறுபடி நேரம் வாங்கி, மறுபடி லீவு போட்டு நிற்க வேண்டிவரும்.