நிறுத்திவைத்த கேரவனில் இறங்கிப்போகும் பேட்டரி

பெங்களூரு யெலஹங்காவில் நிறுத்திவைத்திருக்கும் எங்கள் கேரவனின் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி, மெயின் சுவிட்சை அணைத்திருந்தும் சில வாரங்களில் இறங்கிப்போனது. மின்னோட்டத்தை அளக்க மல்ட்டிமீட்டரை மைனஸ் முனையில் தொடராக இணைத்து, எதைக் கழற்றினால் ஓட்டம் குறைகிறது என்று ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றிப் பார்த்ததில், கேஸ் அலாரம் அந்தச் சுவிட்சைத் தாண்டி நேரடியாகப் பேட்டரியோடு இணைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரம் தேங்கும். ஆகவே, வண்டியில் ஆள் இருக்கும்போது அலாரம் அணையவே கூடாது என்பதற்கான அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன்.

சிலிண்டரைக் கழற்றி, காற்றோட்டமான வெளியிடத்தில் நிமிர்த்தி வைத்த பிறகே, பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றினேன். நீண்ட நாள் சார்ஜ் குறைந்து கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும் என்பதால், மாதந்தோறும் அளந்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றுகிறேன். அலாரம் இணைப்பில் இருக்கும்போது சார்ஜ் ஏற்றுவதானால் சன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும். பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜனுக்கும் அது அலறக்கூடும்.