பாயில் 1662-ல் வெளியிட்ட காற்றுச் சோதனை: ஒரு சிரிஞ்ச் போதும்

காற்றை அமுக்கினால் அது திமிறும் என்று விஞ்ஞானி ராபர்ட் பாயில் 1660-ல் புத்தகம் போட்டார். பிரான்சிஸ் லைனஸ் என்ற பாதிரியார் ஒத்துக்கொள்ளவில்லை. காற்றழுத்தமானிக் குழாயில் பாதரசத்தைத் தாங்குவது காற்றல்ல, கண்ணுக்குத் தெரியாத ஓர் இழைதான் அதை மேலே இழுத்துப் பிடிக்கிறது என்றார். அதற்குப் பதிலாகப் பாயில் செய்த சோதனைதான் இது. அடியில் வளைந்த கண்ணாடிக் குழாய். குட்டைப் பக்கம் மூடியது, நெட்டைப் பக்கம் திறந்தது. திறந்த பக்கம் பாதரசத்தை ஊற்ற ஊற்ற, மூடிய பக்கத்தில் சிக்கிய காற்று சுருங்கியது. அழுத்தம் இரண்டு மடங்கானால் கனஅளவு பாதியாகும், அதாவது இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும் என்று இதில் தெரிந்தது.

பாதரச ஆவி நஞ்சு, அதனால் அது நமக்கு வேண்டாம். மருந்துக் கடையில் 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். ஊசி தேவையில்லை.

முதலில் அளவுக்கோடுகள் 0-விலிருந்து 10 வரை எத்தனை செ.மீ. நீளம் என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 10-ஐ அந்த நீளத்தால் வகுத்தால் பிஸ்டனின் பரப்பு கிடைக்கும். 5 செ.மீ. என்றால் 2 சதுர செ.மீ.

அடுத்து, பிஸ்டனை 10-ல் நிறுத்தி, முனையை எம்-சீல் வைத்து அடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு பிஸ்டனை அழுத்திவிட்டு விடுங்கள். 10-க்குப் பக்கத்தில் திரும்பி வராவிட்டால் எங்கோ கசிகிறது, மறுபடி அடைக்க வேண்டும்.

சிரிஞ்சை நேராக நிறுத்திக் கட்டுங்கள். பிஸ்டன் தலையில் சின்னப் பலகை ஒன்றை ஒட்டி, அதன்மேல் அரை கிலோ, 1 கிலோ, 2 கிலோ என்று சர்க்கரைப் பாக்கெட்டுகளை ஏற்றுங்கள். சரியாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், ஆனால் அழுத்தக் கூடாது.

அளவு பார்ப்பதில்தான் கவனம் வேண்டும். ரப்பர் உள்சுவரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு எடைக்கும் பிஸ்டனை லேசாக அமுக்கிவிட்டு ஒருமுறை, லேசாகத் தூக்கிவிட்டு ஒருமுறை பாருங்கள். இரண்டும் ஒத்துவராது, சராசரியை எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது எடையையும் கனஅளவையும் பெருக்கிப் பார்த்தால் எண்கள் தாறுமாறாக வரும். பலர் இங்கேதான் சோதனை தோற்றுவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். பாக்கெட்டை வைக்கும் முன்பே வெளிக்காற்று பிஸ்டனை அழுத்திக்கொண்டிருக்கிறதே, அதையும் சேர்க்க வேண்டும். கடல்மட்டத்தில் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 1.03 கிலோ, நம் பிஸ்டனுக்கு 2.06. அதனால்தான் 2 கிலோ ஏற்றியதும் காற்று ஏறக்குறைய 5 மி.லி.க்கு வந்து நிற்கும்.

பாயிலின் அட்டவணையில் இந்தக் கூட்டலுக்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. ஊற்றிய பாதரசத்தின் உயரத்தோடு வெளிக்காற்றுக்காக 29 1/8 அங்குலத்தை ஒவ்வொரு வரியிலும் சேர்த்தார். காற்று 48 பங்காக இருந்தபோது மொத்த அழுத்தம் 29 1/8; 24 பங்கானபோது 58 13/16; 12 பங்கானபோது 117 9/16. பெருக்கிப் பாருங்கள்: 1398, 1411.5, 1410.75. கண்ணாடிக் குழாயும் காகித அளவுகோலும் வைத்து இவ்வளவு நெருக்கம்!

அப்புறம் ஒரு வரைபடம். கிடையில் 1/கனஅளவு, செங்குத்தில் பாக்கெட்டுகளின் எடை. புள்ளிகள் நேர்கோட்டில் விழும். கோட்டைப் பின்னால் நீட்டினால் செங்குத்து அச்சைப் பூஜ்யத்துக்குக் கீழே வெட்டும். அந்த ஆழம்தான் வெளிக்காற்று உங்கள் பிஸ்டன்மேல் வைத்திருக்கும் எடை. சென்னையில் 2 கிலோவை ஒட்டி வரும், ஊட்டியில் அதைவிடக் குறையும்.