மலைக்குளிர்ல கோள் ஸ்டாம்ப் சேக்குறது எப்படி

விண்வெளி ஸ்டாம்ப்னா எல்லாரும் முதல்ல தேடுறது நிலாவுல மனுஷன் நிக்கிற படம்தான். அது நல்லாதான் இருக்கும், ஆனா ஆளே இல்லாம தனியா போன கலங்கள மட்டும் வெச்சு ஒரு ஆல்பம் போட்டுப் பாருங்க, எந்தக் கோள எப்போ, எது போய்ப் பாத்துச்சுன்னு பக்கத்துக்குப் பக்கம் புரியும். அதனால நாடு வாரியா அடுக்காதீங்க, கோள் வாரியா அடுக்குங்க.

முதல்ல ஒரு கோள் போதும். செவ்வாய்னா அமெரிக்காவோட வைக்கிங் 1 கலம் அங்க இறங்குனது 1976 ஜூலை 20, ரெண்டு வருஷம் கழிச்சு அதே தேதியில அமெரிக்கா 15 சென்ட் ஸ்டாம்ப் விட்டாங்க, தரையில இறங்குன அந்தக் கலம் கைய நீட்டி மண்ண அள்ளுற படம். நிலான்னா சோவியத் பக்கம் போங்க, லூனா 3 கலம் 1959ல எடுத்த நிலாவோட மறுபக்க போட்டோவ அடுத்த வருஷமே ஸ்டாம்ப்ல போட்டுட்டாங்க. நிலாவுல ஓடுன சோவியத் வண்டி லூனோகோட் 1ன்னா எட்டு சக்கரம், மேல வட்ட மூடி, மூடிக்கு உள்ள சோலார் பேனல், பகல்ல தொறந்து சார்ஜ் ஏத்திக்கிட்டு ராத்திரி மூடிக்கும், அந்த மூடிய வெச்சே ஸ்டாம்ப்ல அடையாளம் கண்டுபிடிச்சிடலாம்.

எனக்கு ரொம்பப் புடிச்சது 1991 அமெரிக்க செட். 29 சென்ட் ஸ்டாம்ப் பத்து, ஒண்ணுல நிலா, மத்த ஒன்பதுலயும் ஒவ்வொரு கோள் (அப்போ புளூட்டோவும் கோள்தான்), கூடவே அத ஆராஞ்ச கலமும், புளூட்டோவுக்கு மட்டும் கலமே இல்லாம ‘இன்னும் ஆராயப்படவில்லை’ன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கும். அந்தப் புளூட்டோ ஸ்டாம்ப் ஒண்ண 2006ல நியூ ஹொரைசன்ஸ் கலத்துலயே வெச்சு அனுப்பி, 2015 ஜூலை 14 அது புளூட்டோவத் தாண்டுச்சு, அடுத்த வருஷம் புது ஸ்டாம்பும் வந்துச்சு. பழசையும் புதுசையும் ஒரே பக்கத்துல வைங்க.

வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்க. மூலையில அழகா முத்திரை விழுந்து, பின்னாடி பசை அப்படியே இருந்தா அது லெட்டர்ல ஒட்டாமலே சேகரிப்பாளருக்காக முத்திரை போட்டு வித்தது, சோவியத் ஸ்டாம்ப்ல நிறைய கிடைக்கும், விலை கம்மி, ஆரம்பிக்கிறவங்களுக்குத் தாராளமா போதும். அஜ்மான், ஃபுஜைராங்குற அரபு எமிரேட்டுங்க பேர்ல பளபளன்னு வர்ற 60, 70கள் ஸ்டாம்புக்கெல்லாம் அதிகம் குடுக்காதீங்க.

கவர்ல ஒட்டுன ஸ்டாம்ப்னா சுத்தி ஓரம் விட்டு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணியில படம் மேல இருக்குற மாதிரி மிதக்க விடுங்க, கால் மணி நேரத்துல தானா கழண்டு வரும், பிச்சு இழுக்கவே கூடாது. கலர் கவர்னா தனி கிண்ணம், இல்லன்னா சாயம் எல்லாத்துலயும் ஏறிடும். இப்போ வர்ற அமெரிக்க ஸ்டிக்கர் ஸ்டாம்ப் தண்ணியில கழறாது, ஓரத்தோட வெட்டி அப்படியே வைங்க. கழட்டுனத வெள்ளை பேப்பர்ல கவுத்துக் காய வெச்சு அப்புறம் கனமான புக்குக்குள்ள வைங்க, நியூஸ்பேப்பர் வேண்டாம், மை ஒட்டும், வெயிலும் வேண்டாம், கலர் போயிடும்.

நம்ம மலையில பெரிய வேலையே இதுக்கு அப்புறம்தான். ஊட்டியில ஜூன் ஜூலை மழைக்கு துணியே காயாது, அதுல ஸ்டாம்ப் எப்படிக் காயும்? குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல்னா ஐப்பசி கார்த்திகை மழையும் சேரும். கழட்டுற வேலைய எல்லாம் தை மாசி மாசத்துக்கு வெச்சுக்குங்க, பனி விழுந்தாலும் பகல்ல காத்து காய்ஞ்சிருக்கும். பசையோட இருக்குற புது ஸ்டாம்ப் ஈரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அதனால ஒவ்வொண்ணையும் தனித்தனியா ஸ்டாக்புக்ல (ஸ்டாம்ப் சொருகி வைக்கிற புக்) சொருகி, புக்க படுக்கப் போடாம நிக்க வைங்க. வெளிச்சுவர் ஒட்டுன பீரோ வேண்டாம், அந்தச் சுவர்தான் முதல்ல வேர்க்கும். டப்பாவுக்குள்ள சிலிக்கா ஜெல் போடுங்க, நீலம் ரோஸா மாறுனா சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில லேசா சூடு பண்ணி மறுபடி போடலாம். லேமினேஷன் மட்டும் யார் சொன்னாலும் பண்ணிடாதீங்க. மழை விட்ட நாள்ல பக்கத்தையெல்லாம் பிரிச்சு காத்தாட விட்டு, பழுப்புப் புள்ளி எங்கயாவது தெரிஞ்சா அந்த ஸ்டாம்ப உடனே ட்வீசர்ல எடுத்து வேற கவர்ல போட்டுடுங்க.