ஃபிராக்கின் இடுப்புப் பட்டையைத் தைத்து இணைக்கும் முறை

புதுச்சேரியில் புதுநன்மை (குழந்தைகள் முதன்முறை நற்கருணை பெறும்) விழாவுக்கோ பிறந்தநாளுக்கோ வீட்டிலேயே சிறுமிகளுக்கு ஃபிராக் தைப்பவர்கள், பின்புறம் பூ முடிச்சாகக் கட்டும் இடுப்புப் பட்டையைக் கடைசி வேலையாக நினைத்து அவசரமாக முடித்துவிடுகிறார்கள். உண்மையில் ஃபிராக்கில் மிகுதியாக இழுபடும் பகுதி அதுதான். குழந்தை ஓடும்போதும், பிறர் முடிச்சை இறுக்கும்போதும் அந்த இழுப்பு முழுவதும் பக்கத் தையலில் ஒன்றரை அங்குல இடத்தில் விழுவதால், பட்டையின் அழகைவிட அது சேரும் இடத்தின் உறுதிக்கே முதல் கவனம் தர வேண்டும்.

இடுப்பளவு 22 அங்குலம் உள்ள குழந்தைக்கு, 36 அங்குல நீளமும் 7 அங்குல அகலமும் கொண்ட இரண்டு துண்டுகள் வேண்டும். இரண்டாக மடித்துத் தைத்தால் 3 அங்குலப் பட்டை கிடைக்கும். நேரு வீதித் துணிக்கடைகளில் 44 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) 40 சென்டிமீட்டர் வாங்கினால் போதும். துணியைக் கிராஸாக (மூலைவாட்டமாக) வெட்டினால் பட்டை நாளடைவில் நீண்டு தொங்கும் என்பதால் பன்னாவின் குறுக்கே ஓடும் நூலின் நேர்வாக்கிலேயே வெட்டுங்கள். வெள்ளை ஃபிராக்கில் நிறப் பட்டை வைப்பதானால், ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளவாக்கில் மடித்து, நீள ஓரத்தையும் ஒரு முனையையும் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். அந்த முனையைச் சாய்வாகத் தைப்பதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் இரண்டு பட்டைகளின் சாய்வும் ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாக அமைய வேண்டும். மூலைகளின் மிகைத்துணியைத் தையலைத் தொடாமல் நறுக்கி, திறந்த முனை வழியாகப் புரட்டி, இஸ்திரி போடுங்கள். சாட்டின் என்றால் சூட்டைக் குறைத்து, மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டுத் தேய்க்க வேண்டும். கடற்கரைக் காற்றில் குண்டூசிகள் விரைவில் துருப்பிடிப்பதால், வெள்ளைத் துணியில் அவற்றை இரவு முழுவதும் குத்தி வைக்காதீர்கள். துருக்கறை எளிதில் போவதில்லை.

இணைக்கும் வேலையைப் பாவாடைப் பகுதியைச் சேர்ப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். பட்டையின் திறந்த முனையில் இரண்டு சிறு மடிப்புகளை, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், கீழ்நோக்கி எடுத்து, 3 அங்குலத்தை ஒன்றரை அங்குலமாகச் சுருக்குங்கள். ஃபிராக் மேல்பகுதியின் அடிவிளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் மேலே, முன்பாகத்தின் நல்ல பக்கத்தில், பட்டையின் வெட்டு ஓரம் பக்க ஓரத்தோடு ஒட்டி நிற்கும்படி வையுங்கள். அந்த முக்கால் அங்குலத்தில் அரை அங்குலம் இடுப்புத் தையலுக்குப் போகும். மீதிக் கால் அங்குலம் விடாவிட்டால் மடிப்புகளும் இடுப்புத் தையலும் ஒரே இடத்தில் குவிந்து ஊசி ஒடியும். பட்டையின் நீண்ட பகுதியைச் சுருட்டி நடுவில் ஊசி குத்திவிட்டு, பின்பாகத்தை மேலே வைத்து, உள்பக்கம் இரண்டு அங்குல நீளமுள்ள பருத்தி நாடா ஒன்றையும் தையல் கோட்டின் மேல் சேர்த்துத் தையுங்கள். அதே இடத்தில் முன்னும் பின்னுமாக ஒருமுறை ஓட்டி, ஓரப்பக்கமாக இன்னொரு வரியும் போட்டால் எவ்வளவு இழுத்தாலும் துணி எளிதில் கிழியாது.

தைத்து முடிந்த ஃபிராக்கானால் பக்கத் தையலை இரண்டரை அங்குலம் பிரித்து இதே போல் செருகலாம். லைனிங் வைத்த ஆயத்த ஆடைகளில் அதைச் செய்வது சிரமம். அவற்றுக்கு இரண்டு பக்கத் தையல்களிலும் நூல் வளையம் பின்னி, இடுப்பளவோடு 60 அங்குலம் கூட்டிய தனிப் பட்டையை அவற்றின் வழியே விடுங்கள். துணியை ஒட்டுப்போட வேண்டியிருந்தால் ஒட்டு முன்புற நடுவில் வரக்கூடாது. மூன்று துண்டுகளாக வெட்டி, இரண்டு ஒட்டுகளும் வளையங்களுக்குள் மறையும்படி அளவெடுத்துக்கொள்ளுங்கள்.