வெலிங்டனில் பயிற்சியில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போடும் முறை

நீலகிரி வெலிங்டனில் உள்ள ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பிள்ளை பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டால், முழு முகவரி கையில் வரும்வரை கடிதம் போடாதீர்கள். பெயரை மட்டும் எழுதினால் போதாது. ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள். பயிற்சி எண், பதவிப் பெயர் (ரெக்ரூட் அல்லது அக்னிவீர்), பெயர், அவன் இருக்கும் குழுக்களான பிளாட்டூன், கம்பெனி, மையத்தின் பெயர், கடைசியில் வெலிங்டன், நீலகிரி, பின்கோடு என்ற வரிசையில் எழுதுங்கள். பிள்ளை முதல் முறை போனில் பேசும்போதே எண்ணையும் கம்பெனியையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே தமிழில் எழுதலாம். முகவரியை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். மலை மழையில் மை பேனா எழுத்து கரைந்துவிடும்.

இன்லேண்ட் லெட்டருக்குள் எதையும் வைக்கக் கூடாது. போட்டோ வைக்க வேண்டுமானால் தபால் உறைதான். அதிலேயே உங்கள் முகவரி எழுதிய வெற்று இன்லேண்ட் ஒன்றையும் மடித்து வையுங்கள். பதில் எழுத அவனுக்கு அது பெரிய உதவி. பணம் வேண்டாம்.

என்ன எழுதுவது? வயலில் நாற்று நட்டது, தங்கை வாங்கிய மார்க், நாய் குட்டி போட்டது. அவனால் அங்கிருந்து தீர்க்க முடியாத கடன், சண்டையெல்லாம் வேண்டவே வேண்டாம். பயிற்சி விவரங்களைக் கேட்டும் எழுதாதீர்கள்.

பயிற்சி முடிந்து யூனிட்டுக்கு, அதாவது அவனுக்கு ஒதுக்கிய படைப்பிரிவுக்கு, போனதும் முகவரி மாறும். அதில் 56 ஏபிஓ, 99 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்) என்று வந்தால், எண், பெயர், யூனிட்டோடு அதையும் 9-இல் தொடங்கும் பின்கோடையும் எழுதினால் போதும். ஊர்ப் பெயர் எழுதக் கூடாது.