கருப்புத் தொண்டை முனியாவ கண்டுபிடிக்கிறது எப்படி

நம்ம ஊர் வயல்ல பாக்குற புள்ளிச் சில்லைய நினைச்சுக்கிட்டு மலைக்குப் போனா கண்டிப்பா குழம்பிடுவீங்க. கருப்புத் தொண்டை முனியா, அதாவது சில்லை வகையில இன்னொரு சின்னக் குருவி, மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இலங்கை மலைநாட்டுலயும்தான் அதிகம், கிழக்குத் தொடர்ச்சி மலையிலயும் கொஞ்சம் இருக்கு. கோத்தகிரி, குன்னூர், வால்பாறை, அந்தப் பக்கம் நுவரெலியா. அடர்ந்த காட்டுக்குள்ள தேடாதீங்க, காட்டோரம், புதர், புல்வெளி, டீ எஸ்டேட் ரோட்டோரம்தான் கரெக்ட் இடம்.

சைஸ் 12 செ.மீ தான், முதல்ல முகத்த பாருங்க. முகமும் தொண்டையும் கரி பூசின மாதிரி இருக்கும், நம்ம பக்கத்து பறவைக்கு வயிறு ரோஸ் கலந்த பழுப்பு, இலங்கைப் பறவைக்கு வயித்துல கருப்பு வெள்ளை செதில் கோலம். ரெண்டும் ஒரே இனம்தான், நம்ப கொஞ்சம் கஷ்டமா இருக்கும்!

பெரிய குழப்பம் வெண்முதுகுச் சில்லையாலதான், அதுக்கும் தொண்டை கருப்பு, ஆனா பறக்கும்போது இடுப்புல வெள்ளைப் பட்டை பளிச்சுனு அடிக்கும், வயிறும் வெள்ளை, அத பாத்துட்டா முடிஞ்சுது. புள்ளிச் சில்லைக்கு தொண்டை செம்பழுப்பு.

ஆண் பெண் ஒரே மாதிரி, அதுல டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. குஞ்சு வெறும் பழுப்பா இருக்கும், கூடவே பெருசு ஒண்ணு இருந்தா அத வெச்சு முடிவு பண்ணுங்க. பைனாகுலரோட ஒரு புல் கதிர் பக்கத்துல அசையாம உக்காருங்க, விதை உருவ தானா வரும்.