திருமணிமுத்தாற்றில் ஹார்மோன் தேடும்போது நடக்கும் தவறுகள்

சேர்வராயன் மலைப்பக்கம் உற்பத்தியாகும் திருமணிமுத்தாறு சேலத்தைக் கடப்பதற்குள் வீட்டுச் சாக்கடையையும் சாயக்கழிவையும் சேர்த்துக்கொள்கிறது. அதில் மனிதர், மாடுகளின் சிறுநீர் வழியே எஸ்ட்ரோன், எஸ்ட்ரடையால் என்ற பெண் ஹார்மோன்கள் கலக்கும். கருத்தடை மாத்திரை வழியே எத்தினைல் எஸ்ட்ரடையால். எல்லாமே லிட்டருக்கு நானோகிராம் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் வெளியிட்ட கண்காணிப்புப் பட்டியல், எத்தினைல் எஸ்ட்ரடையாலை லிட்டருக்கு 0.035 நானோகிராம் வரை அளக்கச் சொன்னது. இவ்வளவு நுண்ணிய அளவில், அறிக்கையில் ‘இல்லை’ என்று வந்தால் தண்ணீரில் இல்லை என்று ஆகிவிடாது. பாட்டிலிலோ வடிதாளிலோ தொலைந்திருக்கலாம்.

முதல் தவறு, மினரல் வாட்டர் பாட்டிலில் மாதிரி பிடிப்பது. ஹார்மோன் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டும். மெத்தனாலில் அலசிய பழுப்புக் கண்ணாடி பாட்டில்தான் வேண்டும்.

அதைவிட மோசம், சித்திரை வெயிலில் ஐஸ் இல்லாமல் வண்டியில் கொண்டுபோவது. சாக்கடைக் கிருமிகள் சும்மா இருக்காது. எஸ்ட்ரடையாலை எஸ்ட்ரோனாக மாற்றிவிடும். சிறுநீரில் குளுக்குரோனைடாக, அதாவது ஒரு சர்க்கரை அமிலத்தோடு கட்டுண்டு வந்த ஹார்மோனை அவிழ்த்தும் விடும். ஒரே பாட்டிலில் ஒன்று குறையும், இன்னொன்று கூடும். பிறகு திருத்த வழியில்லை. கிருமிகளை நிறுத்த, எடுத்த இடத்திலேயே லிட்டருக்கு 1 கிராம் சோடியம் அசைடு போடுங்கள், அல்லது கந்தக அமிலத்தால் பி.எச். 2–3-க்கு இறக்குங்கள். இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள்: நச்சும் வெடிக்கும் தன்மையும் உள்ள ஹைட்ரசோயிக் அமிலம் உருவாகும். குளோரின் போட்ட நீர் என்றால் குளோரினை முறிக்க முதலில் சோடியம் தயோசல்பேட். பிறகு 4 டிகிரியில் வைத்து, 48 மணி நேரத்துக்குள் பிரித்தெடுக்க வேண்டும்.

சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவு கலந்த நீரில் இன்னொரு தொல்லை. மாவுச்சத்து வடிதாளை அடைத்துவிடும். அவசரத்துக்கு நைலான் வடிப்பான் பக்கம் போகாதீர்கள், அது ஹார்மோனை உறிஞ்சும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, 0.7 மைக்ரான் கண்ணாடி நாரில் வடியுங்கள். தாளில் தங்கிய கசடையும் எறியாமல் மெத்தனாலில் தனியே பிரித்து அளக்க வேண்டும். நீரைவிடக் கசடில் ஒட்டவே இவற்றுக்கு விருப்பம் அதிகம்.

கார்பன்-13 குறியிட்ட உள்தரத்தை (ஒப்பிட்டுப் பார்க்க, அளவு தெரிந்து சேர்க்கும் அதே ஹார்மோன்) வடிப்பதற்கு முன்பே சேர்க்க வேண்டும். கடைசியில் கருவியில் ஏற்றும்போது சேர்த்தால், இடையில் எவ்வளவு போனது என்று தெரியாமல் மீட்பு (சேர்த்ததில் திரும்பக் கிடைத்த பங்கு) 100 சதவீதம் போலத் தோன்றும். நீரிலிருந்து ஹார்மோனைப் பிடித்துவைக்கும் எச்.எல்.பி. கார்ட்ரிட்ஜில் நிமிடத்துக்கு 5 மில்லிலிட்டருக்கு மேல் இழுக்க வேண்டாம்.

எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ்.-இல் (பொருள்களைப் பிரித்து, நிறையை வைத்து அளக்கும் கருவி) பழக்கத்துக்கு ஃபார்மிக் அமிலம் ஊற்றுகிறார்கள். மூலக்கூறுக்கு எதிர்மின்னூட்டம் ஏற்றும் எதிர்முனை அயனியாக்கத்தில் அது சமிக்ஞையை அமுக்கும், 0.2 மில்லிமோலார் அமோனியம் ஃப்ளோரைடு நல்லது. சாயமும் சோப்பும் அமுக்குவது தனிக் கதை, அதைக் காட்டிக்கொடுப்பதும் உள்தரம்தான். 17-ஆல்ஃபா, 17-பீட்டா எஸ்ட்ரடையால் இரண்டுக்கும் நிறை ஒன்றே. கருவியின் பிரிக்கும் குழாயான நிரலில் பிரியாவிட்டால் இரண்டும் ஒரே எண்ணாக வரும்.

அளக்கும் எல்லைக்குக் கீழே வந்ததைப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். ‘லிட்டருக்கு 0.5 நானோகிராமுக்குக் குறைவு’ என்பது போல எல்லையை எழுதி, பக்கத்திலேயே மீட்புச் சதவீதத்தையும் வெற்று மாதிரியில் (ஹார்மோன் இல்லாத சுத்த நீர்) வந்த எண்ணையும் கொடுங்கள்.